பட்டியலில் தெளிவாக எழுதியிருந்த பெயர்

தம்பி,

இதை நீயே வாசிக்கவேண்டும். மருமகளிடம் கொடுத்து, "அம்மா என்னவோ எழுதியிருக்கிறா, வாசிச்சுச் சொல்லும்" என்று சொல்லிவிட்டுச் சோபாவில் சாயக்கூடாது. எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேனே, நீ அப்போது அழுத அழுகைக்கு இன்றைக்காவது ஒரு பலன் இருக்கட்டும். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே வாசி. ஆனால் புதன்கிழமை இரவுக்குள் முடித்துவிடு. ஏன் புதன் என்று பிறகு சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் அஜக்ஸிலிருந்து சாப்பிட வந்தபோது, வடக்கே ஒரு சின்ன நகரத்து ஐஸ் ஹொக்கி அணி உன்னை உதவிக் கோச்சாகக் கேட்டிருக்கிறது என்று மருமகள்தான் சொன்னாள். நீ சொல்லவில்லை. நண்டுக் காலை உடைத்துக்கொண்டு இருந்தாய். டிபென்ஸ் விளையாடுகிற பெடியன்களைப் பழக்குகிற வேலை, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும் என்றாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "உது ஒரு வேலையோ?" என்று கேட்டேன். அப்பா என்னைப் பார்த்தார். நீ தலையை நிமிர்த்தாமலே சொன்னாய்: "போகமாட்டன் அம்மா. கோச்மார் அப்பிடித்தான். இண்டைக்கு இருப்பினம், நாளைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போயிடுவினம். அன்ரன் போகேல்லையோ? எனக்கு அப்பிடி ஒரு ஆளா வர விருப்பமில்லை."

பதினேழு வருடமாக நீ அந்தப் பெயரைச் சொல்லவில்லை. நீ மறந்துவிட்டாய் என்றே நினைத்திருந்தேன். அதைவிட என்னைக் குத்தியது இன்னொன்று. 'அப்பிடித்தான்' என்ற அந்தச் சொல் என்னுடையது. பதின்மூன்று வயதில் நீ மூன்று தரம் என்னிடம் வந்து, அன்ரன் போகமுன் ஏதாவது சொன்னாரா என்று கேட்டாய். மூன்று தரமும், "அவையள் அப்பிடித்தான் தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். நான் சொல்லிக்கொடுத்ததை நீ எனக்கே திருப்பிச் சொன்னாய். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு உன் வாழ்க்கையில் கிடைத்த ஒரு நல்ல வேலையையும் தள்ளிவிடப் பார்க்கிறாய். அதை நான் விடப்போவதில்லை. இதை வாசித்தபிறகு நீ என்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தாலும் சரி, ஒரு வருடம் பேசாமல் இருந்தாலும் சரி, உண்மை உன் கையில் வந்துசேரவேண்டும்.

அன்ரன் சொல்லாமல் போகவில்லை. அவரை அனுப்பினார்கள். அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி.

இப்போது தாளை வைத்துவிட்டு எழும்பிப் போகாதே. ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் இருந்த காலம். நான் அப்போதும் ஸ்கூல் பஸ்தான் ஓடினேன். உனக்குக் காலை ஐந்தரைக்குப் பயிற்சி. அப்பா அதற்கு முன்பே பாக்டரிக்குப் போய்விடுவார். ஆகவே உன்னை ஐஸ் அரீனாவில் விட்டு, முடியும் வரை இருந்து, பள்ளியில் இறக்கி, அங்கிருந்து பஸ் யார்டுக்கு ஓடி, லைட்டும் ரயரும் சரி பார்த்து, ஏழரைக்கு முதல் பிள்ளையை ஏற்றவேண்டும். புதுக் கோச் போன் எடுத்தவர், பெயர் அன்ரன் என்று அப்பா சொன்னபோது, எங்கள் பாஷையூர்ப் பக்கத்து அன்ரனாக்கும் என்று எனக்குச் சரியான சந்தோஷம். ஒரு தமிழன் ஹொக்கி பழக்குகிறான் என்று கோயிலில் இரண்டு பேருக்குச் சொல்லியும் விட்டேன். போய்ப் பார்த்தால், கதவளவு அகலத்தில் ஒரு ரஷ்யர், ஐஸ் துடைக்கிற வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறார். முதலில் ஐஸைத் துடைப்பார், பிறகு வண்டியை நிறுத்திவிட்டுச் சப்பாத்தை மாற்றிக் கோச்சாக வருவார். இரண்டு வேலையும் அவர்தான்.

அந்த நேரத்தில் அரீனாவில் முழித்திருக்கிற பெரிய ஆட்கள் நாங்கள் இரண்டு பேரும் மட்டும். மற்றப் பெற்றோர் பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டு, காருக்குள்ளேயே நித்திரை கொள்வார்கள். நான் மேல் வரிசையில் போய் இருப்பேன். பிளாஸ்கில் வெறும் தேத்தண்ணி, கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி. ஒருநாள் அவர் கீழே இருந்து என்னையே பார்க்கிறார். எனக்குப் பயமாகப் போய்விட்டது, இங்கே சாப்பிடக்கூடாதாக்கும் என்று. அவர் படியேறி வந்து, தன் பொக்கற்றில் இருந்து ஒரு சீனிக் கட்டியை எடுத்துக் காட்டினார். அவர்களும் எங்களைப்போல இனிப்பைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிற ஆட்களாம். அன்றையிலிருந்து வண்டியை நிறுத்தியதும் ஐந்து நிமிடம் அவர் என் பக்கத்தில் வந்து இருப்பார். அவருக்கு என் பனங்கட்டி, எனக்கு அவருடைய சீனிக் கட்டி. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே வகுப்பு. அதனால் இரண்டு பேருக்கும் வெட்கமில்லை.

அவர் கதை அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்குத் தெரிய வந்தது. அவருடையது டிராக்டர் செய்கிற பாக்டரி உள்ள ஊர். அந்தப் பாக்டரி அணியில் பதினெட்டு வருடம் டிபென்ஸ் விளையாடியிருக்கிறார். பெரிய அணி எதிலும் அவருடைய பெயர் வரவில்லை. ஒரேயொரு தரம் நாட்டு அணியின் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் பையைக் கட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது சிரித்தார். போட்ட கோல்களை இரண்டு கையிலும் எண்ணிவிடலாம் என்றார். "ஆனால் என்னுடைய பக்கத்தால் வந்து கோல் போட்டவர்களையும் எண்ணலாம்" என்றும் சொன்னார். முழங்கால் போனபிறகு அதே ஊரில் பெடியன்களைப் பழக்கினார். பாக்டரி படுத்தது, அணியும் படுத்தது. மகள் இங்கே இருந்தபடியால் இங்கே வந்து, ஐஸ் துடைக்கிற வண்டியில் ஏறி, அதிலிருந்து இறங்கித் திரும்பவும் கோச்சானார். ஐம்பது தாண்டிய மனிதன், புதுப் பாஷையில், முதல் படியில் இருந்து. எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கியிருக்கவேண்டும். நானும் முப்பது வயதில் அப்படித்தானே வந்து இறங்கினேன்.

உங்களுக்கு அவர் என்ன செய்தார் என்று உனக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். ஆறு கிழமை பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, கண்ணில் காட்டவில்லை. மட்டைகள் எல்லாவற்றையும் வேலியோடு சாத்திவைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பின்பக்கமாகவே ஓடவைத்தார். அவர் முன்னால் வருவார், நீங்கள் அவருடைய நெஞ்சைப் பார்த்தபடி பின்னால் போகவேண்டும். வருகிறவன் கண்ணால் ஏமாற்றுவான், கையால் ஏமாற்றுவான், நெஞ்சால் ஏமாற்றமுடியாது என்பார். ஒருதரம் குனிந்து காலைப் பார்த்தால் திரும்ப முதலில் இருந்து. நீ விழுந்து எழும்பி விழுந்து எழும்பி, இடுப்பும் நாரியும் முழுக்க நீலம். நான் நல்லெண்ணெய் பூசித் தேய்த்துவிடுவேன், நீ "அம்மா, இண்டைக்கு ஒருக்காத்தான் குனிஞ்சனான்" என்று பெருமையாகச் சொல்வாய். அவர் ஒருநாளும் யாரையும் 'நல்லது' என்று சொன்னதில்லை. தலையை ஒருதரம் ஆட்டுவார், அவ்வளவுதான். அந்த ஆட்டல் கிடைத்த அன்று நீ வீட்டில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுவாய்.

பிறகு அந்தச் சனிக்கிழமை மச் வந்தது. அஜக்ஸ் சித்தப்பா குடும்பத்தோடு பார்க்க வந்தார். நான்தான் கூப்பிட்டேன். வீடு வாங்கிக்கொண்டு போனதில் இருந்து அவர்களுக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்த கதை. எங்களுக்கும் காட்ட ஏதாவது இருக்கவேண்டாமா? நீ ஐந்தாம் நிமிடமோ ஆறாம் நிமிடமோ உன் இடத்தை விட்டுவிட்டு, பக்கைத் துரத்திக்கொண்டு முன்னால் ஓடினாய். நீ அடித்தது வெளியே போனது. நீ விட்டுப் போன இடத்தால் வந்து அவர்கள் கோல் போட்டார்கள். அன்ரன் உன்னை வெளியே கூப்பிட்டு ஓரத்து வாங்கில் இருத்தினார். மச் முடியும் வரைக்கும் நீ எழும்பவில்லை. சித்தப்பா என் பக்கம் திரும்பி, "என்ன அண்ணி, பெடியன் விளையாட வந்தவனோ, எங்களோட பாக்க வந்தவனோ?" என்று கேட்டார். பகிடிதான். ஆனால் எனக்கு முகம் எரிந்தது.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீ ஏன் முன்னால் ஓடினாய் என்று யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். அன்று காலை காரில் வைத்து, "சித்தப்பா வாறார், இண்டைக்கு எப்பிடியும் ஒரு கோல் போட்டுக் காட்டு" என்று நான்தான் சொன்னேன். டிபென்ஸ் என்றால் என்ன என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. கோல் போடத் தெரியாத பிள்ளையைத்தான் பின்னுக்கு விடுகிறார்கள் என்று நானும் அப்பாவும் நினைத்துக்கொண்டிருந்தோம். பள்ளியில் கடைசி வாங்கு மாதிரி. பரீட்சையில் முதலாம் பிள்ளை, வயலினில் முதலாம் பிள்ளை என்று கேட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஒருத்தன் வேலையே மற்றவனை முந்தவிடாமல் மறிப்பது என்றால் அதைக் கோயிலில் எப்படிச் சொல்லுவது? நான் சொன்னதைத்தான் நீ செய்தாய். அதற்குத் தண்டனை உனக்கு. அதன் கோபம் எனக்கு அன்ரன்மேல். நியாயத்தைப் பார்.

அடுத்த புதன்கிழமை மாலைப் பயிற்சி. அணிக்கு நிதி சேர்க்கச் சாப்பாடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், நான் மரக்கறி ரோல்ஸ் செய்து கொண்டுபோனேன். பத்து நிமிடத்தில் தட்டு வெறுமை. மேல் வரிசைக்கு ஏறப்போனவளை, சிவப்புக் கோட் போட்ட அந்தப் பெண், உங்கள் கப்டனின் தாய், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "இங்கே வந்து எங்களோடு இரு" என்றாள். கன்ரீன் மேசையைச் சுற்றி ஆறு தாய்மார். நான் அந்த அரீனாவுக்கு வந்துபோகத் தொடங்கி நாலாவது வருடம் அது. நாலு வருடத்தில் அந்த மேசையிலிருந்து 'ஹாய்' தவிர வேறொன்றும் எனக்கு வந்ததில்லை. எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்கள். கோப்பி வாங்கித் தந்தார்கள். ரோல்ஸுக்குள் என்ன போட்டாய் என்று கேட்டார்கள். சிரிப்பாய், எனக்கு அப்போது கண் கலங்கியது. பத்து நிமிடம் கழித்து ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள்ளிருந்து ஒரு தாள் வந்தது. கோச்சை மாற்றவேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஒரு கடிதம். எல்லோரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள், நீ மட்டும்தான் மிச்சம் என்றாள்.

நான் வாசிக்காமல் வைத்தேன் என்று சொன்னால் உனக்கும் எனக்கும் லேசாக இருக்கும். முழுக்க வாசித்தேன். பிள்ளைகளுக்குப் பக் கொடுப்பதில்லை. பாராட்டுவதில்லை. பிள்ளையை மச் முழுக்க வாங்கில் இருத்துகிறார். அது நீ. கடைசியாக, அவருடைய ஆங்கிலம் பிள்ளைகளுக்குப் போதாது. அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன், பஸ்ஸில் வருகிற ஒரு பிள்ளையின் தகப்பன், பஸ்ஸில் நான் சொல்வது பிள்ளைக்கு விளங்கவில்லை, இவளை மாற்றுங்கள் என்று எழுதிக்கொடுத்தது உனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்றைக்கு நான் சமைக்கவில்லை, பீட்சா வாங்கித் தந்தேன், என்ன விசேஷம் அம்மா என்று கேட்டாய். அந்த மேசையில் இருந்தபடியே எனக்கு அந்தப் பீட்சாவின் மணம் வந்தது. தெரிந்துகொண்டுதான் பேனையை எடுத்தேன். கதிரை சூடாகத்தான் தொடங்கியிருந்தது, எழும்ப மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். சித்தப்பாவின் பகிடியும் சேர்ந்தது. எங்கள் பெயர் நீளம், கட்டத்துக்குள் அடங்கவில்லை. அகதி விண்ணப்பத்தில் எழுதிப் பழகிய கை, ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக, தனித்தனியாக, யாரும் பிழை பிடிக்கமுடியாதபடி எழுதினேன்.

பத்து நாளில் அவரை நிறுத்திவிட்டார்கள். கோச் வேலையும் போனது, வண்டி வேலையும் போனது. புதிதாக வந்த இளம் ஆள் எல்லோருக்கும் கைதட்டினார், உன்னை முன்னால் போட்டார். அந்த வருடம் நீ கோல் போட்டாய். தமிழ்ப் பத்திரிகையில் படமும் வந்தது, வெட்டிப் பிரிட்ஜில் ஒட்டினேன். ஆனால் பிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் படத்தைப் பார்க்காமல் திறக்கப் பழகிவிட்டேன். அந்தக் கதிரை எனக்கு எத்தனை நாள் இருந்தது தெரியுமா? இரண்டு மாதம். சீசன் முடிந்தது, அணி கலைந்தது, சிவப்புக் கோட்டை அதற்குப் பிறகு நான் கண்ணாலும் காணவில்லை.

இன்னும் இருக்கிறது. இதுதான் கஷ்டமான பகுதி. அவரை நிறுத்திய அடுத்த சனிக்கிழமை பின்னேரம் எங்கள் கட்டடத்து வாசலில் இருந்து பஸர் அடித்தது. நீ அறைக்குள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கணக்குச் செய்துகொண்டிருந்தாய். நான் எடுத்தேன். "நான் அன்ரன். பையன் இருக்கிறானா?" என்று கேட்டார். ஆங்கிலத்தில்தான், தமிழில் எழுதுகிறேன். அவர் மேலே வந்தால் உன் முன்னால் என்ன சொல்லுவாரோ என்ற பயம். அவன் இல்லை, ரியூசனுக்குப் போய்விட்டான் என்றேன். பிறகு சொன்னார்: "அப்படியென்றால் அவனிடம் ஒன்று சொல்லுங்கள். நான் போக விரும்பவில்லை என்று சொல்லுங்கள். அது மட்டும் போதும்." ஓம், சொல்கிறேன் என்றேன். பல்கனியில் போய்ப் பார்த்தேன். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். காரில்லாத மனிதர், இரண்டு பஸ் மாறி வந்திருக்கவேண்டும்.

நான் சொல்லவில்லை. முதல் கிழமை வெட்கம். பிறகு உன் சோதனை. பிறகு பழைய கதையாகிவிட்டது, ஏன் கிளறுவான் என்று விட்டேன். நீ வந்து கேட்ட மூன்று தரத்திலும் அந்த ஒரு வசனம் என் வாய்க்குள் இருந்தது. நான் 'அவையள் அப்பிடித்தான்' என்றேன்.

பதினைந்து வயதில் பெரிய அணிகளின் ஆட்கள் வந்து பார்த்தபோது, முன்னால் ஓட உனக்கு வேகம் போதாது என்றார்கள். நீயே போய், நான் டிபென்ஸ் விளையாடுகிறேன் என்று கேட்டாய். அந்த ஆறு கிழமைதான் உன்னைத் தூக்கிவிட்டது. அமெரிக்காவில் பெயர் தெரியாத ஊர்களில் ஐந்து வருடம், ஸ்லோவாக்கியாவில் மூன்று வருடம், எங்கே போனாலும் உன்னை வைத்திருந்தது நீ பின்பக்கமாக ஓடிய ஓட்டம். நீ அனுப்பிய வீடியோக்களில் எல்லாம் நான் பக்கைப் பார்த்ததில்லை. உன்னைத்தான் பார்ப்பேன். ஒருவன் பாய்ந்து வருவான், நீ அவன் நெஞ்சைப் பார்த்தபடி பின்னால் பின்னால் போய், அவன் அறியாமலே வேலிப்பக்கம் ஒதுக்கிவிடுவாய். அதைப் பார்த்துத்தான் டிபென்ஸ் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது. விளையாட்டில் இடுப்பு உடைந்து, போன வசந்தத்தில் நீ திரும்பி வந்தபோது, இனி ஹொக்கிச் சனியன் வேண்டாம் என்று நான் சொன்னதும் பிழை. உன் மைத்துனரோடு வீடு விற்கிற வேலையில் நீ சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தைப் பார்த்தேன். ஐஸில் உன் முகம் அப்படி இருந்ததேயில்லை. அங்கே நீ சிரிக்கமாட்டாய், ஆனால் உன் முகம் உன்னுடையதாக இருக்கும்.

இந்தத் தை மாதம் என் பஸ்ஸில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஸ்கேற்றிங்குக்கு ஏற்றிக்கொண்டு போனேன். இப்போது நாங்கள் இருக்கிற ஸ்ரௌவ்வில் ஊர் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள ஒரு சின்ன அரீனா. பிள்ளைகளுக்குச் சப்பாத்து நாடா கட்ட உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஐஸில் ஒரு கிழவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பின்பக்கமாகப் போகிறார். அவருக்கு முன்னால் எழும்பி நிற்கவே தெரியாத குஞ்சுகள். தலைமயிர் முழுக்க வெள்ளை, ஆனால் அந்தக் கதவளவு அகலம் அதேதான். நான் பஸ்ஸுக்குள் போய் ஒளித்துக்கொண்டேன். இந்த வயதில், ஒரு ஸ்கூல் பஸ்ஸின் கடைசிச் சீற்றில் குனிந்துகொண்டு இருந்தேன் என்றால் பார்.

ஞாயிற்றுக்கிழமை நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். திங்கள் காலை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, யார்டில் பஸ்ஸை விட்டு, நேரே அங்கே போனேன். பிளாஸ்கையும் கொண்டுபோனேன். அவர் வேலியில் சாய்ந்து நின்றார். ஒரு பார்வையிலேயே ஆளைப் பிடித்துவிட்டார். உங்களுக்கு எதிராக நான் கையெழுத்து வைத்தேன் என்று, வணக்கம் கூடச் சொல்லாமல், முதல் வார்த்தையாகச் சொன்னேன். வேறு வார்த்தை பேசத் தொடங்கினால் அதைச் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"தெரியும்" என்றார். "அந்தத் தாளை எனக்குக் காட்டினார்கள். மற்ற எல்லாம் கிறுக்கல். ஒரு பெயரை மட்டும்தான் என்னால் வாசிக்க முடிந்தது."

நான் பக்கத்து வாங்கில் போய் இருந்தேன். பிறகு கேட்டேன், அதைத் தெரிந்துகொண்டும் ஏன் எங்கள் வாசலுக்கு வந்தீர்கள் என்று. "நான் உங்களுக்காக வரவில்லை. பையனுக்காக வந்தேன்" என்றார். அவரிடம் பூசி மெழுகுகிற வேலை கிடையாது, உனக்குத் தெரியும். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் மன்னித்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டு அவரைத் தொல்லைப்படுத்தவில்லை. ஒருதரம் கேட்டேன், கேட்டது அவருக்குக் கேட்டது. பிளாஸ்கைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கினார். பனங்கட்டியை நீட்டினேன், வேண்டாம், இப்போது சீனி வருத்தம் என்றார். எனக்கும்தான் என்றேன். இரண்டு பேரும் இனிப்பில்லாத தேத்தண்ணியை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தோம்.

நீ விளையாடியதெல்லாம் அவருக்குத் தெரியும். ஸ்லோவாக்கியாவில் நீ இருந்த அணியின் பெயரை நான் பிழையாகச் சொல்ல, அவர் திருத்தினார். இப்போது அவனைக் கோச்சாகக் கேட்கிறார்கள், போகமாட்டேன் என்கிறான், கோச்மார் சொல்லாமல் போகிறவர்கள் என்கிறான் என்றேன். அவர் தேத்தண்ணி மூடியை வேலிமேல் வைத்தார். நான் அவரை அழ வைத்துவிட்டேனோ என்று பார்த்தேன். அழவில்லை. "நான் சொன்னதை நீங்கள் அவனிடம் சொல்லவேயில்லையா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். கையெழுத்துக்குக் கோபிக்காத மனிதர் அப்போது என் முகத்தைப் பார்க்காமல் மற்றப் பக்கம் திரும்பினார். தம்பி, எனக்கு வந்த தண்டனை அதுதான். அது எனக்குப் போதும், குறைத்துத் தரவும் தேவையில்லை.

பிறகு, அவனிடம் சொல்லுங்கள் என்று ஏதோ தொடங்கினார். நான் கையைக் காட்டி மறித்தேன். நான் இனி யாருடைய செய்தியும் காவிக்கொண்டு போகமாட்டேன், கொண்டுபோன லட்சணம் உங்களுக்கே தெரியும், நீங்களே சொல்லுங்கள் என்றேன். அப்போதுதான் தலையை ஒருதரம் ஆட்டினார். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் அந்த அரீனாவில் இருப்பார். பிள்ளைகள் ஏழு மணிக்குத்தான் வருவார்கள். விலாசத்தைப் போனில் அனுப்புகிறேன். நான் வரமாட்டேன், எனக்குப் பஸ் இருக்கிறது. உன் பழைய ஐஸ் சப்பாத்துக்கள் கராஜில் நீலப் பெட்டியில் இருக்கின்றன. நான் கொடுத்துவிடவில்லை.

பதினேழு வருடம் பிந்தி, நான் காவவேண்டிய கடைசிச் செய்தியை இங்கே இறக்கிவைக்கிறேன். அன்ரன் போக விரும்பவில்லை. அதை உன்னிடம் சொல்ல இரண்டு பஸ் மாறி வந்தார்.

இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியைத் தமிழ்க் கடை வாசல்களில் இலவசமாக வைக்கிற பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். அப்பாவுக்குப் பெரிய மனமில்லை, ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்கிறார். நினைக்கட்டும். இப்போது எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் அரீனாக்களில் நிற்கிறார்கள், எத்தனை தாய்மார் காரில் வைத்து 'ஒரு கோல் போட்டுக் காட்டு' என்று சொல்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும். நீ வேண்டாமென்றால் மட்டும் நிறுத்துவேன்.

வடக்கே போ, தம்பி. மருமகளுக்கு அங்கேயும் வேலை கிடைக்கும், அவள் உன்னைவிடக் கெட்டிக்காரி. எட்டு மணித்தியாலக் கார் ஓட்டம் எனக்கு ஒரு தூரமில்லை, நான் பஸ் ஓடுகிறவள். போய் அந்தப் பெடியன்களின் மட்டைகளை வேலியோடு சாத்திவைத்துவிட்டுப் பின்பக்கமாக ஓடவை. 'நல்லது' என்று மட்டும் இடைக்கிடை சொல், அதில் அன்ரனைப்போல இராதே. ஒருநாள் உன்னைப்பற்றியும் ஒரு தாள் வரும். அதைக் கசக்கி எறியாதே, எல்லாப் பெயரையும் வாசி. கிறுக்கல்களுக்கு நடுவில் ஒரு பெயர் மட்டும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக எழுதியிருக்கும். அடுத்த நாள் அந்தத் தாய் மேல் வரிசையில் தனியாகத்தான் இருப்பாள். படியேறிப் போய், அவளுக்குப் பக்கத்தில் இருந்து, பிளாஸ்கில் தேத்தண்ணி இருக்கிறதா என்று கேள்.

அம்மா